சில்லர் வாங்காதீங்க, மார்கழி வரட்டும்: வீட்டில் சின்ன மீன் குஞ்சு எடுக்கும் கணக்கு



சைடு இன்கம் என்று பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் கலர் மீனைக் கொண்டு வந்து நிறுத்திவிடுவார். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை, தென்னேரி, வாலாஜாபாத் பக்கம் சொந்த வீடு என்று இருப்பவர்களுக்கு இந்த ஆசை இன்னும் அதிகம். அதில் நியாயமும் இருக்கு. வாடகை கிடையாது. வீட்டுக்குப் பின்னால் வேப்பமர நிழல் இருக்கு. போர் தண்ணீர் இருக்கு. சென்னையில் ஒரு பெட்ரூம் வீட்டில் இருப்பவர் காசு கொடுத்தும் வாங்க முடியாத விஷயங்கள் இவை.

இதில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான். "ஹீட்டர் வேண்டாத சின்ன மீன்கள், கோல்டு வாட்டர் மீன்கள் என்று சொல்றாங்களே, அதை வீட்டிலேயே குஞ்சு எடுக்க முடியுமா? அதுக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வேணுமாம், இஎம்ஐ-ல கிடைக்குதாம், வாங்கலாமா?"

குஞ்சு எடுக்க முடியும். சில்லர் வேண்டாம். அதில் வருமானம் வருமா என்பது தனிக் கதை, அதைக் கடைசியில் பைசா கணக்கோடு பார்ப்போம்.

முதலில் அந்த "கோல்டு வாட்டர்"

இந்தப் பெயரே நம் ஊருக்கு எழுதப்பட்டது இல்லை. லண்டனில் ஒரு வீட்டில் ஹீட்டர் போடாமல் தொட்டி வைத்தால் தண்ணீர் 18 டிகிரி பக்கம் நிற்கும். அதில் வாழும் மீனுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. தென்னேரியில் சித்திரை மாதம் ஹீட்டர் போடாமல் வைத்த தொட்டி, அதுவும் ஷீட் போட்ட வீடாக இருந்தால், மதியம் 32 டிகிரியைத் தாண்டும். இரண்டுமே "ஹீட்டர் இல்லாத தொட்டி"தான், ஆனால் மீனுக்கு வேறு வேறு உலகம்.

சூடான தண்ணீரில் மீனுக்கு என்ன பிரச்சினை? சூடு மட்டும் இல்லைங்க, மூச்சு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே நேரம் சூட்டில் மீனின் உடம்பு வேகமாக ஓடுவதால் ஆக்சிஜன் தேவை கூடும். வரவு குறைந்து செலவு கூடினால் என்ன ஆகும் என்று நம்ம வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நிலையில் மீன் உயிரோடு இருக்கவே பாடுபடும், முட்டை போடுவதைப் பற்றி யோசிக்காது.

ஆகவே எந்த மீன் என்பதைப் பார்ப்போம். கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் மூன்றைச் சொல்கிறேன்.

ஜீப்ரா மீன். உடம்பில் நீலக் கோடு ஓடும், இரண்டு அங்குலம்கூட வளராது. இது நம்ம நாட்டு மீன். கங்கைச் சமவெளி, வங்காளம் பக்கத்து ஓடைகளிலும் வயல் கால்வாய்களிலும் இருப்பது. பிரான்சிஸ் ஹாமில்டன் என்பவர் 1822-ல் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதற்குப் பெயர் வைத்தார். 18 டிகிரியும் தாங்கும், 30-ம் தாங்கும். 24-லிருந்து 28 வரை இருந்தால் முட்டை போடும்.

ரோஸி பார்ப். இதுவும் வடஇந்திய மீன்தான், ஹாமில்டனின் அதே 1822 புத்தகம்தான். ஆண் மீன் பருவத்தில் செக்கச்செவேல் என்று மாறும். 18-லிருந்து 24 டிகிரி இதற்குப் பிடிக்கும்.

ஒயிட் கிளவுட். சீனாவில் குவாங்சோ நகரத்தை ஒட்டிய பையுன் மலை, அதாவது வெண்மேக மலை, அங்கே 1930-களில் கண்டுபிடித்தது. ஒன்றரை அங்குலம், வால் சிவப்பு. அசல் குளிர் மீன் இதுதான். 16-லிருந்து 22 வரை சுகமாக இருக்கும். 28-க்கு மேல் வாரக்கணக்கில் நின்றால் ஆயுசு குறையும்.

கோல்டுபிஷ் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்று கேட்பீங்க. குளிர் மீன்தான், ஆனால் சின்ன மீன் இல்லை. குஞ்சு எடுக்கும் அளவுக்கு வளர்க்கவே பெரிய சிமென்ட் தொட்டி வேணும். சம்பளக்காரர் முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

என் சிபாரிசு: முதல் வருஷம் ஜீப்ரா. கை பழகியதும் ரோஸி பார்ப். ஒயிட் கிளவுட் வாங்கினால் சித்திரை, வைகாசியை அது எங்கே கழிக்கும் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்கும்போது மட்டும் வாங்குங்கள்.

சில்லர் கணக்கு

200 வாட்ஸ் இழுக்கும் ஒரு சின்ன சில்லர், வெயில் காலத்தில் நாளுக்கு 12 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 2.4 யூனிட். நம்ம மின்வாரியம் பில் போடுவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 60 நாளைக்கு 144 யூனிட். அரசாங்கம் வீடுகளுக்கு ஒரு பில்லுக்குத் தரும் இலவசம் 100 யூனிட். அதாவது வீட்டுக்கே கிடைக்கும் மொத்த இலவசத்தையும் ஐம்பது லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, மேலே 44 யூனிட் கேட்கும். இந்த 144-ம் உங்கள் வீட்டு வழக்கமான யூனிட்டுக்கு மேலே ஏறுவதால் ஸ்லாப் மாறினால் அடி இன்னும் பலம்.

இதற்குப் பக்கத்தில் 5 வாட்ஸ் ஏர் பம்பை வையுங்கள். 24 மணி நேரமும் ஓடினால்கூட இரண்டு மாதத்துக்கு 7.2 யூனிட்.

சில்லர் கொடுக்கும் அதே குளிரை மார்கழியும் தையும் சும்மா கொடுக்கின்றன. அந்த இரண்டு மாதத்திலும் ராத்திரிக் குளிர் 20 டிகிரி பக்கம் இறங்கும்போது, வீட்டுக்குள் தரையில் வைத்த தொட்டியில் தண்ணீர் 23, 24-ல் நிற்கும். மூன்று மீனுக்குமே முட்டை போட ஒத்துவரும் சூடு அது. எனவே இந்தப் பொழுதுபோக்கின் ரகசியம் மெஷின் இல்லை, காலண்டர். குளிர் வரும்போது குஞ்சு எடுக்கணும், வெயில் வரும்போது மீனைக் காப்பாற்றினால் போதும்.

உங்கள் வீட்டில் தண்ணீர் எவ்வளவு என்பதை என் வார்த்தையை நம்பி முடிவு செய்யாதீங்க. மீன் வாங்கும் முன் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஒரு பக்கெட் தண்ணீரைத் தொட்டி வைக்கப்போகும் இடத்திலேயே வைத்து, காலை 6 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் ஏழு நாள் எழுதுங்கள். பகலில் நீங்கள் ஷிப்டில் இருந்தால் அம்மாவிடமோ தங்கச்சியிடமோ போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காலைக்கும் மதியத்துக்கும் 4 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் இடத்தை மாற்றுங்கள். மாடியை விட தரை நல்லது. மேற்குச் சுவரை விட வடக்குச் சுவர் நல்லது.

வெயிலில் ஒப்பேற்ற வேறு வழிகளும் உண்டு. தண்ணீர்ப் பரப்பின் மேல் படும்படி ஒரு சின்ன டேபிள் ஃபேன் வைத்தால் ஆவியாவதிலேயே இரண்டு, மூன்று டிகிரி குறையும். பூச்சு இல்லாத மண்தொட்டி பானைத் தண்ணீர் மாதிரிதான், தானே குளிரும். புழுக்கமான நாளில் இரண்டுமே சரியாக வேலை செய்யாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐஸ் பாட்டில் போடுவது மட்டும் வேண்டாம். ஒரு மணி நேரம் குளிர்ந்து மறுபடி சூடாகும் தண்ணீர், நிலையாகச் சூடாக இருக்கும் தண்ணீரை விட மோசம்.

போனஸிலிருந்து மார்கழி வரை

தீபாவளி போனஸ் வரும் நேரமும் இந்த வேலைக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஐப்பசியில் தொட்டி வாங்கினால் மார்கழியில் அது தயார். நடுவில் இருக்கும் நாலைந்து வாரம் வீண் இல்லை. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைச் சாப்பிடும் பாக்டீரியா ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குடியேற அவ்வளவு நாள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே இருபது மீனைப் போட்டு, மூன்றாம் நாள் எல்லாம் செத்து, கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி கண்ணாடித் தொட்டி ஒன்று. சுமார் 54 லிட்டர். இதில் ஐந்து ஆண், ஐந்து பெண். தெர்மோகோல் பெட்டி இரண்டு. மீன் கடையில் ஐஸ் பெட்டியாகப் பயன்படுத்தியது கிடைத்தால் நன்றாகக் கழுவி வையுங்கள், வெயிலையும் குளிரையும் அது சீக்கிரம் உள்ளே விடாது. குஞ்சுக்கு இதை விட நல்ல வீடு கிடையாது. ஏர் பம்ப் ஒன்று, ஸ்பாஞ்ச் ஃபில்டர் மூன்று. யூஎஸ்பி-யில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். நாம் குஞ்சு எடுக்கும் பருவம் புயல் பருவமும்கூட. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்குத் தெரியும். மொபைல் பவர் பேங்க்கில் மாட்டினால் ராத்திரி முழுக்க ஓடும்.

ஜீப்ராவில் ஆணையும் பெண்ணையும் பிரிப்பது கஷ்டமில்லை. ஆண் ஒல்லி, கோடுகளுக்கு நடுவில் லேசாகப் பொன்னிறம் அடிக்கும். பெண் வெள்ளி நிறம், வயிறு உருண்டு இருக்கும். முட்டைக்கு விடும் முன் ஒரு வாரம் இரண்டையும் தனித்தனியாக வைத்து நல்ல தீனி கொடுங்கள். உறைந்த ரத்தப்புழு, டாப்னியா மாதிரி. கொசுப்புழு இலவசம்தானே என்று வாளியில் தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள். டெங்கு கொசுவை நாமே வளர்த்துத் தெருவுக்கே விடுவதற்கு அது சமம்.

இப்போது முட்டை. இதுதான் சுவாரசியமான இடம்.

ஜீப்ரா மீன் தன் முட்டையைத் தானே தின்னும். போட்ட அடுத்த நொடியே திரும்பிப் பார்த்துத் தின்னும். குஞ்சு எடுக்கும் வேலை என்பது பெரும்பாலும் முட்டையைப் பெற்றோரிடமிருந்து காப்பாற்றும் வேலைதான். அதற்குப் பழைய தந்திரம் கோலிக்குண்டு. பத்து லிட்டர் டப்பின் அடியில் இரண்டு அடுக்குக் கோலிக்குண்டு பரப்புங்கள். மேலே ஒரு சாண் தண்ணீர். ஜீப்ரா முட்டை ஒட்டாது, மண் மாதிரி கீழே விழும். குண்டுகளுக்கு நடுவில் இறங்கிவிட்டால் மீன் வாய் எட்டாது. கோலிக்குண்டு கிடைக்கவில்லை என்றால் கொசுவலையைச் சட்டம் மாதிரி கட்டி அடியில் வையுங்கள், அதே வேலை.

சாயங்காலம் இரண்டு ஆண், ஒரு பெண்ணை அந்த டப்பில் விடுங்கள். துணி போட்டு மூடி இருட்டாக்குங்கள். ஜீப்ராவுக்கு விடியல்தான் முகூர்த்தம். காலையில் துணியை எடுத்து வெளிச்சம் பட்டதும் ஆண்கள் பெண்ணைத் துரத்த ஆரம்பிக்கும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் காரியம் முடியும். முதல் நாள் போடவில்லை என்றால் இன்னொரு நாள் விட்டுப் பாருங்கள். போட்டதும் பெரிய மீன்களை எடுத்துவிடுங்கள். நல்ல தீனி தின்ற பெண் ஒரே காலையில் நூறு, இருநூறு முட்டை போடும்.

"நான் நைட் ஷிப்ட், விடியற்காலை கம்பெனியில் இருப்பேன்" என்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மீனுக்கு விடியல் என்பது சூரியன் இல்லை, இருட்டுக்குப் பிறகு வரும் வெளிச்சம். அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1970-களிலிருந்து இந்த மீனை ஆராய்ச்சிக்கு எடுத்ததில் இருந்து, உலகம் முழுக்க ஆய்வகங்களில் இதை டைமர் லைட்டில்தான் வளர்க்கிறார்கள். 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு. இருண்ட அறையில் ஒரு எல்இடி பல்பையும் டைமரையும் மாட்டி, நீங்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு லைட் எரியும்படி வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் மீன் உங்கள் ஷிப்டுக்குப் பழகிவிடும்.

ரோஸி பார்ப்புக்கும் ஒயிட் கிளவுட்டுக்கும் கோலிக்குண்டு வேண்டாம். அவை பாசி, செடி இருக்கும் இடமாகப் பார்த்து முட்டையைத் தூவும். பச்சை நைலான் கயிற்றைப் பிரித்துக் கொத்தாகக் கட்டிப் போட்டாலும் ஏமாந்துபோகும். ரோஸி பார்ப் முட்டை ஒட்டும், எனவே கொத்தோடு எடுத்து வேறு டப்பில் வைத்துவிடலாம்.

மறுநாள் பார்த்தால் சில முட்டை வெள்ளையாகி இருக்கும். அவை செத்தவை, பூஞ்சை பிடிக்கும், டிராப்பரால் எடுத்துவிடுங்கள். கண்ணாடி மாதிரி இருப்பவை உயிரோடு இருப்பவை. 28 டிகிரியில் இரண்டு, மூன்று நாளில் பொரியும். நம்ம மார்கழித் தண்ணீரில் இன்னும் ஒரு நாள் கூடலாம். பொரிந்த குஞ்சு கண்ணிமை முடித் துண்டு மாதிரி டப்பின் சுவரில் ஒட்டிக்கொண்டு தொங்கும். அப்போது தீனி போடாதீர்கள். வயிற்றில் கருப்பை மாதிரி ஒரு பையில் மஞ்சள் கரு இருக்கு, அதைத்தான் தின்கிறது. படுக்கைவாட்டில் நீந்த ஆரம்பித்த அன்றுதான் முதல் சோறு.

அந்தப் பத்து நாள்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். நூறு குஞ்சு பொரிந்தது என்று ஸ்டேட்டஸ் போட்டு, பத்தாம் நாள் எண்ணினால் ஏழு இருக்கும். காரணம் நோய் இல்லை, பட்டினி. ஜீப்ரா குஞ்சின் வாய்க்குக் கடைத் தீனித் தூள் பாறாங்கல் மாதிரி. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்தான் அதற்கு உணவு.

அதைத் தென்னேரிக்காரர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர் அது. ஒரு கைப்பிடி வைக்கோலைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே பழகிய மீன் தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளர் ஊற்றி, துணி கட்டி வையுங்கள். முதலில் கலங்கி நாறும். நாலைந்து நாளில் தெளியும். டார்ச் அடித்துப் பார்த்தால் தூசி மாதிரி அசைவது தெரியும். அதுதான் இன்ஃப்யூசோரியா. வைக்கோல் இல்லாதவர்களுக்கு வாழைப்பழத் தோல். இதை முட்டைக்கு விடும் முன்பே ஆரம்பிக்கணும். குஞ்சு பொரிந்த பிறகு வைக்கோல் தேடினால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு நாளைக்கு மூன்று, நாலு முறை, ஒவ்வொரு முறையும் சில ஸ்பூன். வேலைக்குப் போகிறவர்கள் காலை, மாலை கொடுத்து, மதியத்துக்கு வீட்டில் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிவதும் ஒரு வழி. ஆனால் கொஞ்சம் கூடினாலும் தண்ணீர் கெட்டு ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விடும், எனக்கு அது பிடிக்காது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஆர்ட்டீமியா. லிட்டருக்கு 25 கிராம் உப்பு போட்ட தண்ணீரில் காற்று விட்டால் ஒன்று, ஒன்றரை நாளில் பொரியும். மொத்தச் செலவில் விலை ஏறிய சாமான் இதுதான். நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு டின் வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். தினம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மெல்லிய ட்யூபில் எடுத்து மாற்றுங்கள். மூன்று மாதத்தில் விற்கும் சைஸ்.

சரி, பைசா?

கீழே வரும் விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டு நீங்களே திருப்பிப் பாருங்கள்.

தொட்டி, பம்ப், ஃபில்டர், மீன் எல்லாம் சேர்த்து முதல் செலவு ரூ.3,500. ஒரு சீசனுக்குத் தீனி, ஆர்ட்டீமியா பங்கு ரூ.600. முதல் சீசனில் இரண்டு முறை முட்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் 40 குஞ்சு பிழைத்தால் நல்ல ரிசல்ட். மொத்தம் 80. பத்தை நீங்கள் வைத்துக்கொண்டு 70-ஐ விற்கிறீர்கள். கடையில் நீங்கள் ரூ.20 கொடுத்து வாங்கிய மீனைக் கடைக்காரர் உங்களிடம் ரூ.20-க்கு வாங்க மாட்டார். ரூ.5 கொடுத்தால் 350 ரூபாய். தினம் அரை மணி நேரம், 90 நாள், 45 மணி நேர உழைப்பு. மணிக்கு 7 ரூபாய் 78 பைசா. செலவு 600-ஐக் கழித்தால் மைனஸ்.

கம்பெனியில் ஒரு மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். எனவே இது சைடு இன்கம் இல்லை. தன் செலவில் ஒரு பகுதியைத் தானே அடைக்கும் பொழுதுபோக்கு. பட்ஜெட்டில் இதை ஓடிடி சந்தா, டர்ஃப் கிரிக்கெட் இருக்கும் வரிசையில் எழுதுங்கள், முதலீடு வரிசையில் எழுதாதீர்கள். ஒரு டிப்: கடைக்காரரிடம் பணமாகக் கேட்டால் ரூ.5 என்பவர், தீனியாக எடுத்துக்கொள்கிறேன் என்றால் ரூ.8 வரை இறங்கி வருவார். அவருக்குத் தீனியில் மார்ஜின் இருக்கு, உங்களுக்குத் தீனி எப்படியும் வேணும்.

"பெரிசா செய்தா?" செய்யலாம், அதற்கும் கணக்கு இருக்கு. மாதம் 1,000 மீன் விற்க, ஒவ்வொன்றும் மூன்று மாதம் வளர, எந்த நேரத்திலும் 3,000 குஞ்சு கையில் இருக்கணும். லிட்டருக்கு ஒன்று என்றால் 3,000 லிட்டர். இது மூன்று டன் எடை. மொட்டை மாடியில் வைக்கலாம் என்று நினைப்பவர்கள் இன்ஜினியரைக் கேட்காமல் ஒரு தொட்டிகூட ஏற்றாதீர்கள். தினம் பத்தில் ஒரு பங்கு என்றால் 300 லிட்டர் தண்ணீர் மாற்றணும். இத்தனைக்கும் மாதம் ரூ.5,000 வரவு, செலவு போக இல்லை, செலவுக்கு முன்னால். அந்த ஆயிரம் மீனை வாங்கப் பக்கத்துக் கடைகளால் முடியாது. சென்னை கொளத்தூருக்குக் கொண்டு போகணும். அங்கே தெருத்தெருவாக வீட்டிலேயே மீன் குஞ்சு எடுக்கும் குடும்பங்கள் இருக்கு, கைப்பழக்கம் தலைமுறையாக வந்தது. உங்கள் போட்டி அவர்களோடு. அதனால் குறை சொல்லவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சும்மா விலை கேட்டுவிட்டு வாருங்கள். இரண்டு மணி நேரத்தில் கிடைக்கும் படிப்பு பத்து வீடியோவில் கிடைக்காது, என் வீடியோவும் சேர்த்துத்தான்.

அதற்குப் பிறகும் உறுதியாக இருப்பவர்களுக்கு மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020-ல் வந்தது. வீட்டுக் கொல்லையில் அலங்கார மீன் வளர்க்கும் யூனிட்டுக்கு அதில் வைத்த திட்டச் செலவு ரூ.3 லட்சம். பொதுப் பிரிவுக்கு 40 சதவீத மானியம், பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் 60 சதவீதம். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். மானியம் ரூ.1.2 லட்சம் என்று சந்தோஷப்படும் முன், மீதி ரூ.1.8 லட்சம் உங்கள் பணம் என்பதைப் பாருங்கள். அது உங்கள் எமர்ஜென்சி ஃபண்டிலிருந்து வருவதாக இருந்தால் வேண்டாம். பர்சனல் லோனிலிருந்து என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

இன்னொரு வகை ஆள் வருவார். "குஞ்சும் தீனியும் நாங்க தர்றோம், வளர்த்துக் கொடுங்க, நாங்களே திருப்பி வாங்கிக்கிறோம், மாசம் இவ்வளவு கேரண்டி" என்பார். 2012-ல் பெருந்துறை பக்கம் ஈமு கோழியை வைத்து இதே வசனத்தைப் பேசினார்கள். கடைசியில் ஜனங்களின் கையில் இருந்தது தீனி கேட்கும் பறவைகள் மட்டும்தான். மீனுக்குச் சந்தையில் விலை இருக்கிறதா என்று பார்க்காமல், விற்பவரே வாங்குவார் என்ற வாக்குறுதிக்குப் பணம் கட்டாதீர்கள்.

விற்றுப் பணம் வந்தால் வரி விஷயமும் உண்டு. மீன் வளர்ப்பு வருமானம் விவசாய வருமானத்தில் சேராது, அதனால் வரிவிலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். தொழிலாக ஆக்கிவிட்டால் சம்பளத்துக்கு மட்டும் போடும் ஐடிஆர்-1 செல்லாது, ஐடிஆர்-3 அல்லது 4-க்கு மாறணும். உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வேறு தொழில் செய்யக்கூடாது என்று வரி இருக்கிறதா என்பதையும் ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

குஞ்சு கூடிப்போய், வாங்க ஆளில்லை என்றால் தென்னேரி ஏரியில் விட்டுவிடலாம் என்று தோன்றும். விடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் மனசு கேட்காமல் ஏரியில் விட்ட சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டு மாட்டுகிறது. மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று அது, அதில் வலை போட்டுப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். கூடிப்போன மீனைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கோ நண்பர்களுக்கோ கொடுங்கள். அதற்கும் முன்னால், முட்டைக்கு விடுவதை நிறுத்துங்கள். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்தால் போதும், செலவே இல்லாத வேலை.

மாசி பிறந்ததும் முட்டை டப்பைக் கழுவிக் காயவைத்துவிடலாம். குஞ்சுகள் அதற்குள் அரை அங்குலம் தாண்டியிருக்கும். பங்குனிக்குள் விற்க வேண்டியதை விற்று, தொட்டியில் கூட்டத்தைக் குறைத்துவிடுங்கள். வெயில் ஏறும்போது 54 லிட்டரில் பத்து மீன் என்றால் எல்லாவற்றுக்கும் மூச்சு விட இடம் இருக்கும். இப்போதைக்கு தெர்மாமீட்டர் வாங்கி ஏழு நாள் ரீடிங் எடுத்து, ஊர் பெயரோடு வீடியோ கமெண்டில் போடுங்கள். மைக்ரோவார்ம் வளர்ப்பது எப்படி என்று அடுத்த வீடியோவில் காட்டுகிறேன், ஓட்ஸ் ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.